ரொட்டியால் அழித்த இடம்

நவம்பர் 4, திங்கள்

வடை மடித்து வந்த தாளில் என் கை இருந்தது.

என் மகன் ஏழுமலை வேலை முடிந்து வரும்போது முனைக்கடையில் மசால்வடை வாங்கி வந்தான். தாளைப் பிரித்தேன். எண்ணெய் ஊறி, ஓரத்தில் பருப்புத் துணுக்கு ஒட்டிய செய்தித்தாள். அதில் கரித்துண்டால் வரைந்த ஒரு பெண். உட்கார்ந்திருக்கிறாள். உடம்பில் துணி இல்லை. முகமும் இல்லை. இடது கை வளைந்து எதையோ அணைத்திருக்கிறது. அணைத்த இடத்தில் ஒன்றும் கிடையாது. லேசாக ஒரு கறை மட்டும்.

எனக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணில், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் தெரியும். அதற்காக என் முழங்கையை எனக்குத் தெரியாமல் போகுமா? சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்து கோணலாகச் சேர்ந்த முழங்கை அது.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். சிற்பி வேதகிரியின் நூற்றாண்டாம். அவர் வரைந்த படங்களை இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதி வரை காட்டுகிறார்களாம். அப்புறம் எல்லாம் கப்பலேறி ஏதோ ஒரு தேசத்து மியூசியத்துக்குப் போய்விடுமாம்.

அந்தக் கறைதான் பச்சையம்மா. என் மூத்த மகள். அவளுக்கு உலகத்தில் வேறு படம் கிடையாது.

தாளை மடித்து ரவிக்கைக்குள் வைக்கப் போனேன். மருமகள் கஸ்தூரி வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இன்னா அத்தே, எண்ணெய்த் தாளப் போய் நெஞ்சுல வச்சுக்கினு!"

அந்தத் தாளாலேயே கேஸ் அடுப்பைத் துடைத்து, அதைக் குப்பையில் போட்டாள். தன் கல்யாணப் பந்தியில் என் தம்பிக்கு இலை போடாமல் விட்டவள்தானே. அதோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

பேத்தி ஹாஸ்டலுக்குப் போனபோது விட்டுப்போன நோட்டு இது. ஐந்தாவது வரை படித்த கை. கோடு எங்கே இருக்கிறதென்று தெரியாததால் எழுத்து மேலும் கீழும் ஓடுகிறது. ஓடட்டும். வாயால் சொல்ல இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஓவியக் கல்லூரியில் கூட்டிப் பெருக்குகிற ஆயாவாக இருந்தேன் என்பதுதான் எல்லோருக்கும் தெரியும். என் புருஷன் சாகும்வரை அப்படித்தான் நினைத்தார். பெருக்கவும் செய்தேன். மீதி நேரம் பிள்ளைகள் பார்த்து வரைவதற்கு உட்கார்ந்தேன். முதலில் புடவையோடு. பிறகு இல்லாமல். மின்விசிறி போடக் கூடாது, தாள் பறக்கும், கரித்தூள் பறக்கும். சித்திரை மாத வேர்வை முதுகில் எறும்பு மாதிரி இறங்கும். சொறியக் கூடாது. எழுந்து போய்விட்டு வந்தால் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார வேண்டும். அதற்காகப் பலகை மேடையில் என் பாதத்தைச் சுற்றி, தொடையைச் சுற்றி, ஊன்றிய கையைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பார்கள்.

வேதகிரி மாஸ்டர் கல்லில் சிலை செய்கிறவர். வகுப்பு முடிந்த பிறகு தனக்கென்று வரைவார். மற்றவர்கள் தாளைத் தடவுவார்கள். இவர் கொத்துவார். தாள் கிழியும், திட்டிக்கொண்டே வேறு தாள் எடுப்பார். தப்பாகப் போன கோட்டை ரொட்டியைப் பிசைந்து உருட்டி, அதால் ஒற்றி அழிப்பார். கரியை ரப்பர் அப்பிவிடும், ரொட்டிதான் எடுக்கும். அதற்கென்று மேசையில் எப்போதும் ரொட்டி இருக்கும். மிச்சத்தை நான் தின்பேன்.

பச்சையம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, தூக்கிக்கொண்டு போனேன். பால் குடித்துக் கைக்குள்ளேயே தூங்கிவிட்டாள்.

"அப்படியே இரு பூஷணம். எழுப்பிடாதேம்மா," என்றார் மாஸ்டர். மேடையில் படிந்திருந்த அவள் காலைச் சுற்றியும் ஒரு கோடு போட்டார். அவ்வளவு சின்னக் கோடு.

அவளுக்கு இடது காது மேல்பக்கம் மடிந்திருக்கும். பேர் வைத்த அன்று என் மாமியார் நாலு பேர் முன்னால் "ஊனக்காது" என்றாள். மாமியார் செத்து எத்தனையோ காலமாகிறது. நான் இன்னும் அவள் திவசத்துக்கு வடை சுட்டதில்லை. மாஸ்டர் மட்டும் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். கரித்துண்டைக் கீழே வைத்துவிட்டு, காதுக்கென்று கெட்டிப் பென்சில் ஒன்றை எடுத்து அழுத்தினார் பாருங்கள், மேசை முனகியது.

நவம்பர் 8, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். போன தடவையும் இதையேதான் சொன்னார். அதற்குள் குழாய் இன்னும் சுருங்கிவிட்டது.

காத்திருக்கிற கூடத்துச் சுவரில் பெரிதாக ஒரு படம். கிட்டே போய்த் துண்டு துண்டாகப் பார்த்தேன். நீல நிறத்தில் ஒரு கை வளைந்து காற்றை அணைத்துக்கொண்டிருந்தது. கோணல் முழங்கை.

"இது யாரும்மா?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"அது மாடர்ன் ஆர்ட் பாட்டி. யாரும் கெடையாது. நம்மளா அர்த்தம் பண்ணிக்கணும்."

வரும் வழியில் ஏழுமலையிடம் கேட்டேன். "அந்த மாஸ்டர் படத்தை ஒருக்கா பாத்துட்டு வரணும்டா. நல்ல மனுசன்."

கஸ்தூரி முந்திக்கொண்டாள். "கண்ணு தெரியாத நேரத்துல படம் பாக்கறதா? மழை வேற கொட்டுது."

கண்ணு தெரியாத நேரமாம். அதனால்தானடி கேட்கிறேன்.

நவம்பர் 9, சனி

மழை. சாம்பாரில் உப்பு அதிகம். வேண்டுமென்றேதான் போட்டிருப்பாள்.

நவம்பர் 11, திங்கள்

ஏழுமலை லீவு போட்டு அந்தப் படங்களைப் பார்க்க அழைத்துப்போனான். ஏசி குளிர். பேசினால் எதிரொலிக்கிற கூடம். சுவர் முழுக்க நான். குனிந்து நான், திரும்பி நான், முழங்காலில் தலை வைத்து நான். ஏழுமலைக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தீயணைக்கிற சிவப்பு உருளை ஒன்று மூலையில் மாட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னாம்மா இது, எல்லாம் இப்டிக் கீது! வா போலாம்."

"எதுனா எழுதியிருந்தா படிடா."

சுவரில் எழுதியிருந்ததைக் கூச்சத்தோடு படித்தான். இருப்பதை வரைந்தவர்கள் நடுவில் இல்லாததை வரைந்தவர் வேதகிரியாம். இந்த வெற்று அணைப்பில்தான் நம்முடைய நவீனக் கலை தன் மௌனத்தைக் கண்டுபிடித்ததாம். அடுத்த கூடத்தில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் செய்தவை. இரும்புத் தகட்டில் ஒரு கை, நடுவில் ஓட்டை. கம்பியில் ஒன்று. சிவப்புச் சாயத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் என் கைதான். எல்லாவற்றிலும் காலி.

முதல் படம் தனிச் சுவரில் கண்ணாடிக்குள் இருந்தது. கண்ணாடியில் நெற்றி இடிக்கிறவரை போனேன். குழாயை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். இருந்தாள். தலை இருக்கிற பக்கம் கறை கொஞ்சம் கறுப்பு. கால் பக்கம் போகப்போக வெளுப்பு. தூங்குகிறவளைப் பார்க்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பெண் ஒருத்தி வந்தாள். மெர்லினாம். இந்தக் காட்சிக்கெல்லாம் பொறுப்பு அவள்தானாம்.

"பாட்டி, மாஸ்டரை உங்களுக்குத் தெரியுமா?"

"காலேஜ்ல பெருக்கிக்கினு இருந்தேன்."

அவள் முகம் மலர்ந்தது. நாற்காலி இழுத்துப் போட்டாள். "அப்ப உங்களைத்தான் கேக்கணும். இந்தப் படத்துல மட்டும் ஒரு கறை இருக்கு பாருங்க. மத்த எதுலயும் இல்ல. இது எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

ஏழுமலை என் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றான்.

"தெரியாதும்மா," என்றேன். "எதுனா அழுக்கா இருக்கும்."

நவம்பர் 12, செவ்வாய்

அந்த வருஷத்து அடைமழையில் பச்சையம்மாவுக்கு ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் என் மடியிலேயே அடங்கினாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக இருந்தது. அதோடு வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் மாமியார் அந்தக் காதைப் பற்றிப் பேசுவாள்.

மேடையில் சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. பெருக்குகிறவளே நான்தான், நான் பெருக்காமல் போனால் யார் பெருக்குவார்கள்? சின்னக் காலின் கோடும் இருந்தது. அதற்குள் உட்கார்ந்தேன். கை தானாக வளைந்தது. இறக்கப் பார்த்தேன், இறங்கவில்லை.

"குழந்தை எங்கேம்மா?" என்று கேட்டார் மாஸ்டர். வளைந்த என் காலிக் கையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். அழக்கூடச் செய்தார், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். பிறகு எழுந்து போய் அந்த முதல் படத்தை எடுத்தார். ரொட்டியைப் பிசைந்தார். "நீ இதைப் பாத்தா தாங்க மாட்டே," என்று சொல்லிக்கொண்டே அவளை அழித்தார். காலில் ஆரம்பித்து மேலே போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அழித்து முடித்துப் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாக, "ஆஹா!" என்றார்.

அழித்ததைக்கூட விட்டுவிடுவேன். அந்த "ஆஹா"வை விட மாட்டேன்.

பிறகு அந்தக் காலிக் கையைத்தான் வரைந்தார், வரைந்துகொண்டே இருந்தார். நானும் உட்கார்ந்தேன். அவர் தின்னக் கொடுத்த ரொட்டியை மட்டும் அதற்கப்புறம் தொட்டதில்லை. இன்றுவரை இந்த வீட்டில் யாருக்காவது ரொட்டி வாங்கினால் நான் வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன். காய்ச்சல்காரர்கள் தின்பது, வாடை பிடிக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் எழுந்தபோது சுவர்க் கடிகாரத்தின் முள் தெரியவில்லை. கடிகாரம் தெரிகிறது.

நவம்பர் 17, ஞாயிறு

இன்னொரு தடவை போக வேண்டும் என்றேன். ஏழுமலை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அந்தப் படங்களைப் பார்த்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

தனியாகக் கிளம்பினேன். குடையை ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டேன். கஸ்தூரி ஈரத்தலையோடு ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"எங்க போற? பஸ்ஸு எந்த நம்பருன்னு உனக்குத் தெரியுமா? லாரியில உழுந்து செத்தா என்னைத்தான் கேப்பாங்க!"

"உடுடி கைய."

"படம்தானே? வந்து தொலை. நானே இட்டுக்கினு போறேன்."

ஆட்டோவில் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தாள்.

மெர்லின் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "பாட்டி, வாங்க வாங்க! இப்பப் பாருங்க, எவ்ளோ நல்லா இருக்கு!"

கண்ணாடியில் நெற்றியை வைத்தேன். குழாயை நகர்த்தினேன். வெள்ளை. இன்னும் நகர்த்தினேன். வெள்ளை. கண்தான் போய்விட்டது என்று நினைத்தேன். கையைத் தேடினேன், கை இருந்தது. முழங்கை இருந்தது. கைக்குள் வெள்ளை.

"வாங்கின மியூசியத்துல சுத்தம் பண்ணித் தரச் சொன்னாங்க பாட்டி. பம்பாயிலருந்து ஒருத்தர் வந்து பஞ்சும் பிரஷ்ஷும் வச்சு அந்தக் கறைய எடுத்துட்டார். ஒரு கோடுகூடக் கலையல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை எழுதப்போவதில்லை. கூடமே திரும்பிப் பார்த்தது. செக்யூரிட்டி வந்தான்.

"அத்தே, இன்னா ஆச்சு உனுக்கு? ஒரு அழுக்க எடுத்ததுக்கு..."

"அழுக்கு இல்லடி. என் பொண்ணுடி அது! அந்தக் கை என் கைடி!"

கஸ்தூரியின் பிடி தளர்ந்தது. சுவரைப் பார்த்தாள். என் முழங்கையைப் பார்த்தாள். பக்கத்துப் படத்தைப் பார்த்தாள்.

மெர்லின் என் பக்கம் குனிந்தாள். "பாட்டி... அன்னைக்கே நான் கேட்டேனே. அழுக்கா இருக்கும்னு நீங்கதானே..."

கேட்டாளாம். கேட்கிற மாதிரியா கேட்டாள்? பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது, ஏசி குளிரில், நாற்காலியைப் போட்டு. படித்த பெண்ணுக்கு அது தெரிய வேண்டாமா?

சுத்தம் செய்வதற்கு முன் எடுத்த போட்டோ இருக்கிறதென்று போனில் காட்டினாள். எனக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. கஸ்தூரி பார்த்தாள். "புகை மாதிரி கீது," என்றாள்.

ஆட்டோ பாதி தூரம் வந்ததும் கஸ்தூரி கேட்டாள்.

"பேரு இன்னா அத்தே?"

"எதுக்கு?"

"சும்மா சொல்லு."

"பச்சையம்மா."

கொஞ்சம் கழித்து, "அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

நவம்பர் 20, புதன்

சாப்பிடவில்லை.

நவம்பர் 21, வியாழன்

ஒரு தடவை அவர் அழித்தார். ஒரு தடவை இவர்கள். அவளுக்குத்தான் எத்தனை சாவு.

வேதகிரி மாஸ்டர் நல்ல மனுசன் என்று ஏழுமலையிடம் சொன்னேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நூறு வருஷமல்ல, ஆயிரம் வருஷம் கொண்டாடட்டும். மெர்லின் நாசமாகப் போகட்டும், கஸ்தூரி காதுபடவே சொன்னேன். பம்பாய்க்காரன் கையில் புழு வைக்கட்டும்.

கண்ணை மூடி அவள் முகத்தை வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை. கல்யாணப் பந்தியில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று வருகிறது. மாமியார் கட்டியிருந்த சுங்கடிப் புடவை வருகிறது. இவள் முகம் வரவில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டிருக்கிற இந்த மண்டை இதை மட்டும் எங்கே போட்டது? அதற்குத்தான் அந்தக் கறை வேண்டியிருந்தது. அதைப் பார்த்தால் மூக்கு எங்கே, வாய் எங்கே என்று வந்துவிடும்.

நவம்பர் 23, சனி

தட்டைத் தள்ளினேன். கஸ்தூரி திரும்பவும் என் முன்னால் தள்ளினாள்.

"நீ செத்தா அந்தப் பொண்ண யாருக்குத் தெரியும்? துன்னு."

தின்றேன். நியாயமாகப் பேசினாள் என்பதற்காக அல்ல. கத்திரிக்காய் கொத்சு.

தின்றுகொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. காது. காதுக்கு மட்டும் கெட்டிப் பென்சில். மேசை முனகியது. ரொட்டி கரியை எடுக்கும், பஞ்சு தூளை எடுக்கும். பள்ளத்தை எது எடுக்கும்?

"கஸ்தூரி, அந்தப் பொண்ணுக்கு போன் போடு!"

"எந்தப் பொண்ணு?"

"நாசமா போவட்டும்னு சொன்னேனே, அவளுக்கு."

நவம்பர் 26, செவ்வாய்

படங்களைப் பெட்டியில் அடைக்கிற நாள். மெர்லின் வரச் சொல்லியிருந்தாள். பின்பக்கத்து அறையில், நீள மேசைமேல், கண்ணாடி இல்லாமல் அந்தப் படம் கிடந்தது. கையெட்டுகிற தூரம். இன்ஷூரன்ஸ் ஆள் ஒருவன் காவல் மாதிரி பக்கத்தில் நின்றான்.

"ஒருக்கா தொட்டுப் பாக்கறேன்பா. விரல் நுனியால."

"சாரிம்மா. கைபடக் கூடாது. ரூல்ஸ்."

"கண்ணும் இல்ல, விரலும் கூடாதுன்னா நான் எதால பாக்கறது?"

அவன் தலை குனிந்துகொண்டான். ஆனால் நகரவில்லை.

மெர்லின் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள். போன் விளக்கைப் போட்டு, தாளோடு தாளாக மேசையில் படுக்கவைத்த மாதிரி சாய்த்துப் பிடித்தாள். மேலிருந்து அடித்தால் பள்ளம் தெரியாதாம், பக்கவாட்டில் அடித்தால் நிழல் விழுமாம். கஸ்தூரியும் குனிந்தாள். நான் அவர்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு விளக்கின் கூச்சம் மட்டும்தான் தெரிந்தது.

"இல்லையே பாட்டி..." என்றாள் மெர்லின். "இன்னும் கீழ பிடிக்கறேன்."

நான் எதையும் சொல்லவில்லை. காது என்றுகூடச் சொல்லவில்லை. "மாஸ்டரு ஒரு எடத்துல அழுத்தி வரைஞ்சாரு, தேடிப் பாரு" என்பது மட்டும்தான் என் வாயிலிருந்து வந்தது. நாம் சொன்னால் இரக்கப்பட்டு ஆமாம் என்பார்கள். இரக்கம் எனக்கு வேண்டாம்.

"இரு, இரு. அங்கியே புடி," என்றாள் கஸ்தூரி. "அத்தே... காது."

"எல்லாப் புள்ளைக்கும்தான் காது கீது. எப்படிக் கீதுன்னு சொல்லு."

வெளியே பெட்டிக்கு ஆணி அடிக்கிற சத்தம். கஸ்தூரி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"மேல மடிஞ்சிருக்கு அத்தே. வெத்தல நுனிய மடிச்ச மாதிரி."

மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தேன். இன்ஷூரன்ஸ் ஆள்தான் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தான்.

மெர்லின் என் முன்னால் தரையில் மண்டியிட்டு, "கையக் குடுங்க பாட்டி," என்றாள். வலது உள்ளங்கையை விரித்து வைத்தாள். கஸ்தூரி விளக்கைப் பிடித்துக்கொண்டாள். மெர்லின் தலையைத் திருப்பித் தாளைப் பார்ப்பாள், தன் விரலால் என் உள்ளங்கையில் கொஞ்சம் இழுப்பாள். மறுபடியும் பார்ப்பாள், கொஞ்சம் இழுப்பாள். அவசரப்படவில்லை. மடலின் வெளிவளைவு. உள்ளே ஒரு சுழி. மேலே போய், நுனியில் நகத்தால் மடிப்பு.

"அவ்ளோதான் பாட்டி. இவ்ளோதான் இருக்கு."

"இன்னொருக்கா போடு," என்றேன்.

போட்டாள். பிறகும் போட்டாள். காதின் பக்கத்தில் கன்னம் வந்தது. கன்னத்தின் பக்கத்தில் வாய் வந்தது, பால் வழிந்த வாய்.

பெட்டிக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். விரல்களை மடக்கிக்கொண்டேன்.

நவம்பர் 27, புதன்

மூடிய வலது கையை நான் மடியில் வைத்திருந்தேன். கஸ்தூரி சோறு போட்டாள். என் கையைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு ஸ்பூன் எடுத்துவந்து, என் இடது கைப் பக்கம் வைத்தாள்.

குழம்பில் உப்பு சரியாக இருந்தது.